பன்னிக்கறி என்றால் தீட்டு, ஹாம் என்றால் விருந்து

டிசம்பர் பாதி கடந்தால் போதும், சென்னையின் நட்சத்திர ஓட்டல்கள் கிறிஸ்துமஸ் விருந்துப் படங்களை வெளியிடத் தொடங்கிவிடும். மேசை நடுவில் ஒரு பெரிய தொடைக்கறி. கொழுப்பைக் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்தி, மேலே தேனும் கடுகு விழுதும் பூசிப் பளபளவென்று இருக்கும். பெயர் ஹாம். உப்பில் ஊறி இன்னும் வேகாமல் இருக்கும்போது இங்கிலாந்துக்காரர்கள் அதையே கேமன் என்கிறார்கள். உப்புப் போக ஊறவைத்து, வெங்காயம், பிரிஞ்சி இலையோடு ஸ்லோ குக்கரில் போட்டு, குறைந்த சூட்டில் ஏழெட்டு மணி நேரம் விட்டுவிடுவது. கடைசியில் தோலை உரித்து, இனிப்புப் பூசி, அடுப்பில் சிவக்க விடுவது. யூடியூபில் நம் ஊர்ப் பிள்ளைகளும் செய்து காட்டுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு எச்சில் ஊறுகிறது. ஒருவரும் மூக்கைப் பொத்துவதில்லை.

அது பன்றியின் பின்னந்தொடை. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பன்னிக்கறி.

திருத்தணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வேலை செய்கிற நாங்கள் இதே டிசம்பரில் இன்னொரு சமையலையும் பார்க்கிறோம். மயிரை ஓலைத் தீயில் பொசுக்கி, வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, மஞ்சள் தடவிக் கழுவுவார்கள். தோலும் கொழுப்புமாகப் பெரிய துண்டங்கள். பானையில் எண்ணெய் விடுவதில்லை. கொழுப்பு உருகி அதுவே எண்ணெயாகும். அதில் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு. வறுத்து அரைத்த மல்லி, காய்ந்த மிளகாய், மிளகு. தண்ணீர் கொஞ்சம்தான். முதலில் வேலிக்காத்தான் விறகு எரியும். கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விடுவார்கள். மூன்று மணி நேரமாவது ஆகும். தோல் துண்டத்தை விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், அதுதான் பதம். பக்கத்தில் கேழ்வரகுக் களி. இதற்கு மேல் என்ன திருவிழா வேண்டும்?

இரண்டு சமையலுக்கும் அறிவு ஒன்றுதான். அதிகம் உழைத்த தசையும் தோலும் சீக்கிரம் வேகாது. குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தால்தான் அதிலுள்ள நார் கரைந்து பிசுபிசுப்பாகும், கறி எலும்பை விட்டுக் கழன்று வரும். நல்ல பாகம் யாருக்கோ போய், தலையும் காலும் தோலும் மிஞ்சிய வீடுகளில்தான் இந்த அறிவு சேர்ந்தது. உப்பிட்டுப் பதப்படுத்துவதையும் யாரும் கப்பலில் கொண்டுவந்து கற்றுத்தரவில்லை. நம் பாட்டிகள் கொடியில் போட்டுக் காயவைத்த உப்புக்கண்டம் என்னவாம்? அவர்கள் செய்தால் சமையல் கலை, நாம் செய்தால் நாற்றம். இந்த வேறுபாட்டை நாக்கு உண்டாக்கவில்லை, சாதி உண்டாக்கியது.

இது சைவக்காரர்களின் அருவருப்பு என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். மாதிரிப் பதிவு முறையின் 2014 அடிப்படைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சைவம் உண்போர் 2.35 சதவீதம். மீதி 97 சதவீதத்துக்கு மேல் கறியோ மீனோ முட்டையோ தின்கிறவர்கள். அந்தக் கூட்டத்துக்குள்தான் ஆடு மேலே, கோழி அதற்கடுத்து, மாடு கீழே, பன்றி அதற்கும் கீழே. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் பாடப்புத்தகத்தில் தேட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைகளை வரிசையாகப் பார்த்தாலே தெரியும். திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பார்கள். கீழே ஊருக்குள் இருக்கும் படிகளை யாரும் எண்ணுவதில்லை.

எங்களிடம் வந்த ஒரு பெண் அரசு வேலையில் இருப்பவர். நகரத்தில் வாடகை வீடு. வீட்டுக்காரர் ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி எடுப்பவர்தான். ஒருநாள் இவர் குக்கரில் பன்னிக்கறி வைத்தார். விசில் வந்தது, வாசனை மாடிப்படி இறங்கியது. மறுநாள் படிக்கட்டைக் கழுவிவிட்டார்கள். சாதி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. "வேற வீடு பாத்துக்கம்மா" என்றார்கள், அவ்வளவுதான். இப்போது வேறு வீட்டில் ஒரு மின்சார ஸ்லோ குக்கர் வாங்கி வைத்திருக்கிறார். ராத்திரி பத்து மணிக்கு மேல், ஜன்னலைச் சாத்தி, மூடியின் மேல் ஈரத்துணி போட்டு வேகவைக்கிறார். விடியும்போது கறி வெந்திருக்கும், வாசனை அடங்கியிருக்கும். இங்கிலாந்தில் அந்தச் சட்டியை வேலைக்குப் போகிறவர்களின் வசதிக்காக வாங்குகிறார்கள். இங்கே அது ஒளிந்துகொள்ளும் கருவி. சாப்பாட்டுக்கு மறைவிடம் தேட வைப்பது தீண்டாமை இல்லையென்றால் பிறகு எதுதான் தீண்டாமை?

"கோயில் ஊர், புனிதம் கெட்டுவிடும்" என்பது அடுத்து வரும் வாதம். சரி, கோயில் கதையையே பேசுவோம். இங்கிருந்து எல்லை தாண்டி வடக்கே போனால் காளத்தி. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் எழுதிய திண்ணன் வேடன். காட்டுப்பன்றியை வேட்டையாடி, நெருப்பில் வாட்டி, ஒவ்வொரு துண்டையும் பல்லில் கடித்துப் பதம் பார்த்து, நன்றாக வெந்ததை மட்டும் இலையில் சேர்த்துச் சிவனுக்குப் படைத்தான். பூசை செய்த சிவகோசரியார் அதைப் பார்த்துப் பதறி, கழுவிச் சுத்தம் செய்தார். கதையில் சிவன் யார் பக்கம் நின்றார்? திண்ணன் கண்ணப்ப நாயனார் ஆனார், அறுபத்துமூவரில் ஒருவராகக் கல்லில் நிற்கிறார். பக்திச் சொற்பொழிவாளர்கள் இதைச் சொல்லும்போது "அறியாத வேடன், ஆனாலும் அன்பு பெரிது" என்று கறியை மன்னித்துவிடுகிறார்கள். யார் கேட்டது அந்த மன்னிப்பை? துண்டு துண்டாகப் பதம் பார்த்துச் சமைத்தவனுக்கு அறியாமை என்று பெயர் வைப்பவர்கள் ஒருநாளாவது அடுப்படியில் நின்றிருக்க மாட்டார்கள்.

நம் மலைக்கே வருவோம். திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடல் பகுதிக்கு உரியது திருத்தணி என்பது மரபு. அந்தப் பகுதியில் குறவர்கள் தேன் கள்ளைச் சுற்றத்தோடு குடித்துத் தொண்டகப்பறை முழங்கக் குரவை ஆடுகிறார்கள். அடுத்த பகுதியில் கொழுத்த கிடாயின் குருதி கலந்த அரிசிப் பலி வருகிறது. இந்த முருகன் கைப்பிடித்த வள்ளி வேட்டுவக் குடியில் வளர்ந்தவள். மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன விருந்து வைத்திருப்பார்கள், தயிர்சாதமா? திருப்பதி மலையிலும் முதலில் வராகசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்கிறது மரபு. பன்றி முகத்தில் கடவுளைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பன்றி வளர்க்கிறவன் முகத்தில் மனிதனைப் பார்ப்பது ஏன் கடினமாக இருக்கிறது?

டிசம்பர் 31 இரவு இங்கே திருப்படித் திருவிழா. புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைகளைப் போய்ப் பார்த்து வணங்குவதை விட்டு முருகனைப் பார்க்க வாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது என்பார்கள். துரையின் வாசலுக்குப் போவது நின்றுவிட்டது. துரையின் மேசை மட்டும் மரியாதையோடு உள்ளே வந்துவிட்டது, கிராம்பு குத்திய தொடையோடு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது எல்லைக்கோடு நகர்ந்தது. சேரி இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லையின் இரண்டு பக்கமும் நம் சனங்கள் இரண்டு மொழியும் பேசுவார்கள். தெலுங்கில் பன்றிக்குப் பெயர் பந்தி. தமிழில் பந்தி என்றால் விருந்து வரிசை. நம் பந்தியில் மட்டும் அந்தப் பந்திக்கு இடம் கிடையாது.

அரசு இதில் நடுநிலையா? 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா ஏற்பாடு செய்தது. இருபதுக்கும் மேற்பட்ட வகை. மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மாட்டுக்காவது கேட்க ஆள் இருந்தது. பன்றிக்கு யார் இருக்கிறார்கள்? 'மாமன்னன்' படத்தில் நாயகன் பன்றி வளர்த்தபோது தியேட்டரில் கைதட்டினோம். வெளியே வந்து பன்றி வளர்ப்பவர் வீட்டில் தண்ணீர் குடித்தவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்வியைச் சாதி இந்துக்களிடம் மட்டும் நாங்கள் கேட்கவில்லை. மாட்டுக்கறி தின்கிற நம் தெருவிலேயே பன்றி வளர்க்கும் அருந்ததியர் குடும்பத்தையும் காட்டுநாயக்கர் குடும்பத்தையும் ஒரு படி கீழே வைத்துப் பேசுகிற வாய்கள் உண்டு. வேலை கிடைத்து நகரத்துக்குப் போனதும் "நாங்க அதெல்லாம் சாப்பிடறதில்ல" என்று முந்திக்கொண்டு சொல்கிற தோழர்களும் உண்டு.

"சுகாதாரம்" என்பார்கள் கடைசியாக. இதை நாங்கள் தட்டிக்கழிக்கப் போவதில்லை. அரைவேக்காட்டுப் பன்றிக்கறியால் நாடாப்புழு வரும், உண்மை. அதனால்தான் மூன்று மணி நேரம் தணலில் வைக்கிறோம். ஆனால் மூளையில் கட்டியாகி வலிப்பைக் கொண்டுவருவது அந்தப் புழுவின் முட்டை. அது மனித மலத்திலிருந்து தண்ணீர், காய்கறி, கை வழியாக வயிற்றுக்குள் போகிறது. பன்றியைத் தொட்டே பார்க்காத சைவருக்கும் வரும். ஆக, குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது பானை அல்ல. திறந்த சாக்கடை, இல்லாத கழிப்பறை. பன்றி சாக்கடையில் மேய்கிறது என்றால், அந்தச் சாக்கடையைச் சேரி ஓரமாகத் திருப்பிவிட்டது யார்?

அரசுக்குப் பன்றி தெரியாதது அல்ல. காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் வெண்பன்றி வளர்த்து ஆராய்கிறது, பயிற்சியும் தருகிறது. 2021இல் திருத்தியமைத்த தேசியக் கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கு 50 சதவீத மூலதன மானியம், 30 லட்சம் ரூபாய் வரை. தொடக்கத்தில் 100 தாய்ப்பன்றிகள் கொண்ட பண்ணை என்பது கணக்கு. நான்கு பன்றி வளர்க்கிற நிலமற்ற குடும்பம் அந்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தையே தாண்ட முடியாது. நிலமும் வங்கிக் கடனும் உள்ளவர் தாண்டுவார். அவர் பண்ணையில் வளர்ந்தால் அது தொழில்முனைவு. ஊருக்கு வெளியே ஓலைக்கொட்டகையில் வளர்த்தால் பேரூராட்சி வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும்.

ஜனவரி 26 கிராமசபைக்கு நாங்கள் தீர்மானம் எழுதியிருக்கிறோம். ஐந்து பன்றி வைத்திருப்பவருக்கும் மானியம். பன்றிக்கும் மருத்துவர் பரிசோதனையோடு கூடிய அறுப்புக்கூடம், குளிர்பெட்டி வைத்த கடை, அந்த உரிமம் இப்போது வளர்க்கிற குடும்பங்களுக்கே. அரசு நடத்தும் எந்த உணவுத் திருவிழாவிலும் எந்த மக்களின் கறியையும் விலக்கக் கூடாது. உணவைக் காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொன்னால் புகார் கொடுக்க வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் ஒரு பதிவேடு.

வாசகத்தை டிசம்பர் 31 சாயங்காலம் நம் தெருவில் படித்துக் காட்டுவோம். கையெழுத்துப் போட வருகிறவர்கள் ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். மதியம் மூன்றுக்கே பானை ஏறிவிடும். களி கிண்ட ஆள் தேவை.