யார் பொறுப்பில் இருக்கிறது இந்த இருமல்?

தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் தினமும் ஏறி இறங்குபவர்களில் பலருக்கு அந்தச் சானடோரியத்தைத் தொடங்கியவரின் பெயர் தெரிந்திருக்காது. டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில், மென்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்கான இல்லம் நடத்தியவர். 1928-இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு இதைத் தொடங்கினார். 1937-இல் அரசு எடுத்துக்கொண்டது. அவருடைய மென்டிப் இல்லத்தில் 1917-இல் சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். 1914-இல் இங்கிலாந்து போன கப்பலிலேயே இருவருக்கும் அறிமுகம்.

ராமானுஜனுக்கு என்ன நோய் என்பதற்கு அன்றைக்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை. விட்டுவிட்டு வந்த காய்ச்சல், வயிற்றுவலி, உடல் மெலிவு. முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். பிறகு காசநோய். இடையில் ஒருவர் புற்றுநோயாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். டாக்டர் பேட்டி ஷா என்ற அவர்தான், கப்பலேறுவதற்கு முன்பே ராமானுஜனுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்திருந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதுவரை பார்த்த மற்ற மருத்துவர்களுக்கு அது தெரியாது. அவருடைய ஊகம் பிழையானது என்பது பின்னால் புரிந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது. 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறக்கும்வரை ராமானுஜன் காசநோயாளியாகவே கவனிக்கப்பட்டார். வயது 32.

1994-இல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் அலசி, அது அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருந்திருக்கலாம் என்று வாதிட்டார். ராமானுஜனுக்கு 1906-லேயே கடும் சீதபேதி வந்திருந்தது. எமட்டின் ஊசி அமீபா நோய்க்குக் கேட்கும் என்பதைக் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் 1912-இல் காட்டியிருந்தார். அதாவது மருந்து அப்போதே இருந்தது. யங் சொல்வதும் ஊகம்தான், நிரூபணம் கிடையாது. ஆனாலும் காசநோய் என்று ஒரு பெயர் விழுந்த பிறகு பழைய சீதபேதியைப் பற்றி விசாரிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

நூறு வருஷம் கழித்து அதே தாம்பரத்தில் சிகிச்சைக்குப் பஞ்சமில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை நடந்தால், கிளினிக், லேப், ஸ்கேன் சென்டர் பலகை கண்ணில் படாமல் நூறு அடி போக முடியாது. பஞ்சம் வேறு இடத்தில். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவுக்குப் பல வருஷமாக இருமல், இரவில்தான் ஜாஸ்தி. அவர் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையை ஒருநாள் பிரித்துப் பார்த்தேன். எக்ஸ்ரே உறைகள், மூன்று லேப்களின் ரிப்போர்ட்டுகள், மங்கிப்போன மருந்துக்கடை பில்கள், ஒரு சி.டி. ஸ்கேன். வெவ்வேறு டாக்டர்களின் சீட்டுகளை வரிசையாக அடுக்கியபோது ஒன்று புலப்பட்டது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றேதான்: “இருமல், இரண்டு வாரமாக.” வருஷக்கணக்கில் இருமுகிற ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் இருமல் புதிதாகப் பிறந்திருக்கிறது! “எத்தனை நாளா?” என்று டாக்டர் கேட்பார், இந்தத் தடவை அதிகமானது எப்போது என்று அக்கா சொல்வார், அது அப்படியே சீட்டில் ஏறிவிடும். அத்தனை காகிதத்தில், நீளமாக மூச்சை ஊதவைத்துப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை ஒன்றுகூட இல்லை. ஆஸ்துமாவா என்று சந்தேகித்தால் முதலில் செய்ய வேண்டியவற்றில் ஒன்று அது, சி.டி. ஸ்கேனைவிட எவ்வளவோ மலிவு.

மருத்துவர்களைக் குறை சொல்லிவிட்டு நகர்வது எளிது. 67 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு ‘பிஎம்ஜே ஓபன்’ இதழில் 2017-இல் வந்த ஆய்வு, இந்தியாவில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் ஒதுக்கும் நேரம் சராசரியாக 2 நிமிடச் சொச்சம் என்றது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். இரண்டு நிமிடத்தில் காய்ச்சலைப் பார்க்கலாம், காயத்தைப் பார்க்கலாம். பல வருஷக் கதையைக் கேட்க முடியாது. கேட்க முடியாத கதையின் இடத்தைச் சோதனைகள் பிடித்துக்கொள்கின்றன.

இங்கே ஒரு கணக்கு. லேப் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று அச்சிடும் எல்லை பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வரையப்பட்டது. மீதி 5 சதவீதம் பேர் நலமாகவே இருந்தாலும் எல்லைக்கு வெளியே விழுவார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒருவருக்குச் செய்தால், நோயே இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பேக்கேஜில் அறுபது, எழுபது அளவுகள் இருக்கின்றன. ஆகவே நீண்டநாள் உபாதையோடு போகிறவருக்கு இரண்டில் ஒன்று நடக்கிறது: எல்லாம் நார்மல் என்று திருப்பி அனுப்பப்படுகிறார், அல்லது சம்பந்தமே இல்லாத ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில் கிடைத்த கதை ஒன்றும் நம் பக்கத்திலேயே உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டம், மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியம். காசநோய் என்று அனுப்பப்பட்டவர்களில் சிலருடைய எக்ஸ்ரேயில் நிழல் இருந்தது, சளியில் கிருமி இல்லை. இரவு இருமல், இளைப்பு, லேசான காய்ச்சல், எடைக்குறைவு. ஃப்ரிமாட் மோலர், பார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள், இவர்களுடைய ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் ஏராளமாக இருப்பதைக் கவனித்து 1940-இல் எழுதினார்கள். காரணம் சொல்ல அவர்களால் முடியவில்லை. காசநோயைப் போலத் தோன்றும் வேறொன்று என்று மட்டும் பதிவு செய்தார்கள். 1943-இல் வைன்கார்ட்டன் என்பவர் 81 நோயாளிகளின் விவரங்களோடு இதற்கு ‘டிராப்பிக்கல் ஈசினோஃபீலியா’ என்று பெயர் வைத்தார். ஆர்செனிக் கலந்த மருந்து ஏனோ கேட்கிறது என்றும் கண்டார். சிங்கப்பூரில் பேராசிரியர் தனராஜ், யானைக்கால் புழுவுக்கான டிஇசி மாத்திரை இதைக் குணமாக்குவதை 1950-களில் காட்டினார். 1960-இல் வேலூர் சி.எம்.சி.யின் வெப், ஜாப், கால்ட் மூவரும் இந்த நோயாளிகளின் நுரையீரலிலும் கல்லீரலிலும் நிணநீர் முடிச்சிலும் நுண்புழுக்களைக் கண்டுபிடித்தார்கள். விடை கிடைக்க இருபது வருஷம். ரத்தப் பரிசோதனையில் புழு ஏன் சிக்கவில்லை? உடலின் எதிர்ப்பு மிகையாக இருப்பதால் அவை ரத்தத்தில் சுற்றாமல் நுரையீரலிலேயே சிக்கி அழிகின்றன. யானைக்கால் நோய்க்கு எடுக்கும் இரவு ரத்தப் பரிசோதனை, நோய் முற்றிய நிலையிலும் ‘இல்லை’ என்றே சொல்லும். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. பார்த்த இடம்தான் வேறு.

இப்படிப் பாடுபட்டுக் கிடைத்த விடையை நாம் என்ன செய்தோம்? தமிழ்நாட்டில் ‘ஈஸ்னோபீலியா’ இல்லாத குடும்பம் அபூர்வம். அந்த நுரையீரல் நோயில் ஈசினோஃபில் எண்ணிக்கை பொதுவாக ஒரு கன மில்லிமீட்டருக்கு 3,000-ஐத் தாண்டும். ஆனால் 600, 700 என்று வந்தாலே இந்தப் பெயரைச் சூட்டி, டிஇசி மாத்திரையை ஒரு கோர்ஸ் கொடுத்து அனுப்பும் வழக்கம் பரவிவிட்டது. ஒவ்வாமையிலும் ஆஸ்துமாவிலும் குடற்புழுவிலும் அந்த எண்ணிக்கை கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அக்காவின் பையிலும் இந்தக் கோர்ஸ் இருக்கிறது, ஒரு தடவைக்கு மேல். கேள்வி எழுப்பிய நோய்ப்பெயர் இப்போது கேள்வியை முடித்துவைக்கப் பயன்படுகிறது. கேஸ் டிரபிள், நரம்புத் தளர்ச்சி, லோ பி.பி., டஸ்ட் அலர்ஜி எல்லாமே இந்த ஜாதிதான்.

கேட்கப்படாத கேள்விகளில் முதன்மையானது: என்ன வேலை பார்த்தீர்கள்? நோயாளியிடம் தொழிலையும் விசாரியுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700-லேயே எழுதிவைத்தார். பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கத்துக் குன்றுகளைக் குடைந்த கல்குவாரிகளிலும் கிரஷர்களிலும் உழைத்தவர்கள் இன்னும் இந்தப் புறநகர்களில் வாழ்கிறார்கள். அங்கே உடைபடும் சார்னோக்கைட் பாறையில் குவார்ட்ஸ் உண்டு. அதன் தூள் நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். தூசியை விட்டு விலகிப் பல வருஷம் ஆனபிறகும் அது தலைகாட்டும், எக்ஸ்ரேயில் காசநோயைப் போலவே தெரியும். குரோம்பேட்டை, நாகல்கேணித் தோல் ஆலைகளில் குரோமியத்தோடு புழங்கியவர்களுக்குத் தோலிலும் மூக்கிலும் வேறு கதை. ‘வயது 58, இருமல்’ என்று மட்டும் எழுதும் சீட்டில் இதெல்லாம் ஒருநாளும் வராது.

பெண்களுக்குக் கூடுதலாக ஒரு பதில் தயாராக இருக்கிறது: “டென்ஷன்மா, மனசை ரிலாக்ஸா வெச்சுக்கோங்க.” இதில் எனக்கு இரண்டு பக்கமும் சொல்ல இருக்கிறது. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் வெள்ளைப்படுதல் பற்றிச் செய்த ஆய்வுகளில், அந்தத் தொல்லையைச் சொன்ன பெண்கள் பலருக்குத் தொற்று இருக்கவில்லை. மனச்சோர்வோடும் வாழ்க்கை நெருக்கடியோடும்தான் நெருங்கிய தொடர்பு தெரிந்தது. ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பயனில்லை. எனவே மனம் காரணம் என்பது அவமானமான பதில் கிடையாது. ஆனால் அதையும் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும், படேல் குழு விசாரித்ததைப் போல. சோதனைகள் தீர்ந்துபோனதும் மிச்சத்தை மனசின் தலையில் கட்டுவது நோயறிதல் ஆகாது. 2006 சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டுவலியோடு அலைந்தவர்களையும், கோவிட் முடிந்தும் அசதி தீராதவர்களையும் முதலில் இப்படித்தான் ஒதுக்கினோம். கோவிட்டுக்குப் பிந்தைய நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறை கொடுத்தபோது, நோயாளிகளே ஒன்றரை வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நார்மல் என்று கைவிரிக்கப்பட்டவர்கள் அடுத்து எங்கே போகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால், சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளிப் பிரிவில் காலையில் நின்று பாருங்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு. பசி எப்படி, தூக்கம் எப்படி, மலம் எப்படி என்று ஒருவர் உட்கார்ந்து கேட்பதே பலருக்குப் பாதி நிவாரணம். அந்தக் கேட்டல் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதை நவீன மருத்துவமனைகள் மறந்தது அவற்றின் நஷ்டம். அதேசமயம், ஆறுதல் கிடைத்தது என்பதற்காகக் காரணம் கிடைத்துவிட்டதாக எண்ணி இன்ஹேலரை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள்; இரண்டு பக்கத்துச் சீட்டையும் ஒருவரே பார்க்கும் ஏற்பாடு இல்லாதவரை அது நடந்துகொண்டுதான் இருக்கும்.

அரசின் கண்ணுக்குப் பெயருள்ள நோய்தான் தெரிகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது; நல்ல திட்டம். காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைகளுக்கும் உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கும் பணம் கட்டுகிறது. பெயர் தெரியாத உபாதையோடு வருபவரிடம் அரை மணி நேரம் பேசி யோசிப்பதற்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கண்டறியப்படாத நோய்களுக்கென்றே 2008-இல் ஒரு திட்டம் தொடங்கியது. தாம்பரத்துக்கு அவ்வளவு பெரிதாக ஒன்றும் வேண்டாம். எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற இடங்கள் தொடத் தயங்கிய காலத்தில், 1993 முதல் உள்நோயாளிகளாகச் சேர்த்துக்கொண்ட அனுபவம் இங்குள்ள அரசு நெஞ்சக மருத்துவமனைக்கு இருக்கிறது. அங்கேயே வாரத்தில் ஒரு பிற்பகல், ஆறு மாதத்துக்கு மேல் விளக்கம் கிடைக்காத உபாதை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு பிரிவு நடத்தினால் போதும். ஒருவருக்கு அரை மணி. பொது மருத்துவர், நெஞ்சக மருத்துவர், மனநல மருத்துவர் ஒரே மேஜையில். முதல் சந்திப்பில் புதுச் சோதனை எதுவும் எழுதக் கூடாது. பையில் இருப்பதை வருஷவாரியாக அடுக்கி, கதையை ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். விடை தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுதி, எது இல்லை என்று உறுதியானது, அடுத்து எதைப் பார்க்கப் போகிறோம், எந்தத் தேதியில் என்று குறிக்க வேண்டும். மருத்துவர்களை அடிக்கடி இடம் மாற்றும் துறையில் இது எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்ற சந்தேகம் நியாயமானது. அதனால்தான் பொறுப்பு ஒரு டாக்டரின் பெயரில் இல்லாமல் அந்தப் பக்கத்தின் பெயரில் இருக்க வேண்டும் என்கிறேன். வருபவர் புதியவரானாலும் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.

அதுவரை நோயாளிகள் கையில் ஒன்று உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகள்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவருடைய மருத்துவப் பதிவுகளைக் கொடுத்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்தியடையாமல் முழுப் பதிவையும் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். அடுத்த டாக்டரிடம் போகும்போது, தொல்லை தொடங்கிய வருஷத்தையும், பார்த்த வேலைகளையும், நடந்த அறுவை சிகிச்சைகளையும், சித்தாவோ ஹோமியோவோ எதுவானாலும் சாப்பிட்ட மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி, ரிப்போர்ட்டுகளுக்கு மேலே வையுங்கள். “எத்தனை நாளா?” என்று கேட்டால், இந்தத் தடவைக் கணக்கைச் சொல்லாமல், முதன்முதலில் இருமிய வருஷத்தைச் சொல்லுங்கள்.