பால் வற்றியது யார் கண்ணால்?



கன்று போட்ட இரண்டு மாதத்தில் பசு பாலைக் குறைத்துவிட்டால் நம் ஊர்களில் முதலில் நடக்கிற காரியம் என்ன? தீவனத் தொட்டியை எட்டிப் பார்ப்பதா? இல்லை. யார் கண் பட்டது என்று தேடுவதுதான். அப்படித் தேடும்போது, கடன் கொடுத்த பண்ணையாரின் கண் ஒருநாளும் அகப்படுவதில்லை. கோயில் குருக்களின் கண்ணும் அகப்படுவதில்லை. கணவனை இழந்த ஏழைப் பெண்ணின் கண்ணும், சாணி அள்ள வரும் சேரிப் பெண்ணின் கண்ணும்தான் அகப்படுகின்றன! அதற்குப் பிறகு அவள் வந்தால் தொழுவத்துப் படலைச் சாத்துகிறார்கள். மாட்டின் கழுத்தில் மந்திரித்த கயிறும், பூசாரி மடியில் தட்சணையும் ஏறுகின்றன. பால் மட்டும் ஏறுவதில்லை.

பால் என்பது ஆகாயத்திலிருந்து மடியில் இறங்குகிற வஸ்து அல்ல. ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்தும், 30 கிராமுக்குக் குறையாத புரதமும் இருக்கின்றன. 10 லிட்டர் கறக்கும் மாடு தினந்தோறும் 12 கிராம் சுண்ணாம்புச் சத்தையும் 300 கிராம் புரதத்தையும் வெளியே கொடுத்தாக வேண்டும். நாம் போடுகிற நெல் வைக்கோலிலோ புரதம் நூற்றுக்கு 3, 4 பங்குதான். தீனியில் இல்லாததை அந்த வாயில்லாப் பிராணி தன் எலும்பிலிருந்தும் சதையிலிருந்தும் எடுத்துக் கொஞ்ச காலம் கொடுக்கிறது. அதுவும் தீர்ந்தபின் பால் வற்றுகிறது; சினையும் பிடிப்பதில்லை. இதில் திருஷ்டிக்கு என்ன வேலை? மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசிக் கோமாதா என்று கும்பிட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் வெறும் வைக்கோலைப் போடுவது எந்த விதத்தில் பக்தி என்பது நமக்கு விளங்கவில்லை.

வேறொரு நாட்டில் நடந்த சங்கதியைப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் டென்மார்க் என்று ஓர் ஊர் (ஐரோப்பாவிலுள்ள தேசமல்ல). அந்தப் பக்கத்தில் பச்சைப் புல் ஏராளம். ஆனால் அதை மேய்ந்த ஆடுமாடுகள் மேய மேய இளைத்து, சோகை பிடித்துச் செத்தன. நம் நாடாயிருந்தால் அந்தப் புல்வெளியில் ஒரு முனீஸ்வரனைக் குடியேற்றி வருஷா வருஷம் கிடா வெட்டியிருப்போம். அங்கே அண்டர்வுட், ஃபில்மர் என்ற இருவர் என்ன செய்தார்கள்? இரும்புச் சத்துக் குறைவாயிருக்கலாம் என்று இரும்புத் தாதுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிராணிகள் தேறின! பூசாரியாயிருந்தால் அத்துடன் நிறுத்தி, இரும்புக்கு ஒரு கோயில் கட்டியிருப்பான். அவர்கள் நிறுத்தவில்லை. இரும்பை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தபோதும் தேறுவதைக் கண்டார்கள். அப்படியானால் குணம் செய்தது இரும்பல்ல, அதில் கலந்திருந்த வேறொன்று என்று பிரித்துப் பிரித்துப் பார்த்து, 1935-இல் அது கோபால்ட் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லி கிராம் இருந்தால் போதும். அது இல்லாமல்தான் அத்தனை பிராணிகளும் செத்தன. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பி12 என்னும் வைட்டமினை உண்டாக்கக் கோபால்ட் வேண்டும் என்பது 1948-க்குப் பிறகு தெளிவாயிற்று.

நிற்க. தாயத்தை அறுத்தெறிந்த கையால் டப்பாவைப் பிடித்துக் கொள்வதும் பகுத்தறிவாகாது. "இந்தப் பொடியைப் போட்டால் பால் இரட்டிக்கும்" என்று லட்சுமி படம் போட்டு விற்கிற வியாபாரிக்கும் பூசாரிக்கும் வித்தியாசம் அதிகமில்லை. குறைவிருக்கிற இடத்தில்தான் சத்து வேலை செய்யும். குறைவில்லாத மாட்டுக்கு எவ்வளவு கொட்டினாலும் காசுதான் கரையும். சமயத்தில் கெடுதலும் உண்டு. ஈன்றவுடன் மாடு எழுந்திருக்க மாட்டாமல் படுத்துவிடுகிற பால் காய்ச்சல், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைவதால் வருவது. அப்படியானால் ஈனுவதற்கு முன்பே அதை அள்ளிக் கொடுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் நோய் அதிகப்படுகிறது என்று 1954-இல் அமெரிக்காவில் போடா, கோல் என்பவர்கள் காட்டினார்கள். தீனியில் தாராளமாய்க் கிடைத்தால், எலும்பிலிருந்து எடுத்துக் கொள்கிற வேலையை உடம்பு நிறுத்தி வைத்துவிடுகிறது. ஆகவே டப்பாக்காரனிடம் கேட்க வேண்டியது: இதில் என்ன இருக்கிறது? என் மாட்டுக்கு எது குறைகிறது? எப்போது கொடுக்க வேண்டும்?

செய்ய வேண்டியதோ பெரிய வித்தையல்ல. மடிநோயோ குடற்புழுவோ இருக்கிறதா என்று முதலில் கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும். வைக்கோலோடு பசும்புல்லும், வேலிமசால், அகத்தி போன்ற தழையும் வேண்டும். கறக்கிற ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் சுமார் ஒரு கிலோ கலப்புத் தீவனம் என்பது கணக்கு. தாது உப்புக் கலவை நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே அதைத் தயாரித்து விற்கிறது. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு மலிவாய்க் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதிலுள்ள விஷம் பாலில் இறங்கிக் குழந்தை வாய்க்கு வருகிறது.

இன்னொன்று. படலைச் சாத்தி வெளியே நிறுத்துகிறீர்களே, அந்தப் பெண்தான் பெரும்பாலும் புல்லறுத்துக் கொண்டு வந்து போடுகிறவள். எந்த மாடு எதைத் தின்கிறது, எதை மீதம் வைக்கிறது, எது மண்ணை நக்குகிறது என்பது வீட்டுக்காரரைவிட அவளுக்கே தெரியும். உள்ளே கூப்பிட்டு அவளைக் கேளுங்கள்.