இடைவெளி ஆகாது
2022ஆம் ஆண்டில் நம் நாட்டை வாட்டிய மருந்துத் தட்டுப்பாட்டை எவரும் மறந்திரார். அத்தகைய காலத்தில் இன்சுலின் பம்பிக்குரிய குழாய்கள் கிடையாவிடின், முதலாம் வகை நீரிழிவாளர் மீண்டும் ஊசிக்குத் திரும்ப நேரும். இம்மாற்றத்தில் அஞ்சத்தக்கது இடைவெளியே. பம்பி விரைவாய்ச் செயற்படும் இன்சுலினை மட்டுமே சிறிது சிறிதாகச் செலுத்துகிறது. உடலில் நெடுநேர இருப்பு இராது. அது நின்ற சில மணி நேரத்திலேயே குருதியில் கீற்றோன்கள் பெருகி உயிருக்கு ஆபத்து விளையலாம். ஆகவே பம்பியைக் கழற்றுவதற்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்னரே நீண்டநேர இன்சுலினை ஏற்றிக்கொள்ளல் வேண்டும். உணவுவேளைதோறும் விரைவு இன்சுலினும் வேண்டும். இவற்றின் அளவுகளை வைத்தியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அத்தாளும் ஊசிகளும் எப்போதும் வீட்டில் இருத்தல் நன்று.