மலையை வென்றவர் யார்?

பிறநாடு சென்று மலையேறி மீள்வோர் தம் பயணத்தைக் குறித்து வரையும் கட்டுரைகள் பலவற்றை யாம் படித்திருக்கின்றோம். அவற்றுள் ஒரு சொல் தவறாது காணப்படும். ‘மலையை வென்றோம்’ என்பதே அது. வெற்றி என்னுஞ் சொல் போர்க்களத்துக்கு உரியது. எதிர்த்து நில்லாத கல்லை வென்றதாகக் கூறுதல் பொருந்துமோ என்பது ஒருபுறம் கிடக்க. வெற்றி என்றே வைத்துக்கொள்ளினும், அது யாருக்கு உரியது என்பதை ஈண்டு ஆராய விரும்புகின்றோம். போர்னியோத் தீவிலுள்ள கினபாலு மலையை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

கினபாலு, மலேசிய நாட்டின் சபா மாநிலத்தில், நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 6 பாகையில் நிற்பது. அதன் உயரம் 4,095 மீட்டர். அடியில் வெப்பநாட்டுப் பெருங்காடு. மேலே செல்லச் செல்லப் பாசி போர்த்த குறுமரங்களும், குடுவை போன்ற உறுப்பால் பூச்சிகளைப் பிடித்துண்ணும் செடிகளும். உச்சியிலோ புல்லும் அரிதாகிய வெறுங் கருங்கல். பண்டைப் பனியூழியில் பனிக்கட்டி ஆறுகள் அக்கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கின என்பர் நிலநூலார். 1964ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதி வனப்பூங்காவாக அமைக்கப்பெற்றது. 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது.

மலையேறுவோர் 1,866 மீட்டர் உயரத்திலுள்ள டிம்போஹோன் வாயிலிற் புறப்பட்டு, அன்று மாலைக்குள் 3,272 மீட்டரிலுள்ள லாபான் ராட்டா விடுதியை அடைவர். பின்னிரவில் 2 மணியளவில் எழுந்து, கைவிளக்கின் ஒளியில் கயிற்றைப் பற்றிக்கொண்டு கல்லின்மேல் ஏறி, ஞாயிறு தோன்றும் வேளையில் உச்சியைக் காண்பர். இருளிற் புறப்படுவது காட்சியின்பங் கருதி மட்டுமன்று. வெயில் ஏற ஏற, அடிவாரத்து ஈரக்காற்று மேலெழுந்து முகிலாகி, நண்பகலுக்கு முன்னரே பெரும்பாலும் உச்சியை மூடிவிடும். மழை பெய்தால் அவ்வழவழத்த கல்லே நீரோடும் படுகையாகும். அன்றியும், 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ 5இல் 3 பங்கே. அதனால் தலைநோவும் குமட்டலும் தோன்றி மிகுமாயின், கீழே இறங்குதலே தக்க மருந்தாம்.

இவற்றையெல்லாம் நூல்களாலும் அறியலாம். ஆயினும், எதிரே எழும் முகில் கலைவதோ பொழிவதோ என்றும், உடன்வருவோன் சோர்வு இளைப்பாறினால் தீர்வதோ நோயின் குறியோ என்றும் அந்நொடியில் துணிந்து கூறவல்லவர், அம்மலையடியிற் பிறந்து வளர்ந்த வழிகாட்டியே. வழிகாட்டியின்றி உச்சிக்குச் செல்லலாகாது என அங்கே விதித்திருப்பதும் இது கருதியே.

இனி, அம்மலையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். லபுவான் தீவில் ஆங்கில அரசின் அலுவலராயிருந்த ஹியூ லோ என்பார், 1851ஆம் ஆண்டில் மலையடியில் வாழும் டூசுன் மக்களின் துணையோடு மேலேறினார். அவர் அடைந்தது உச்சிப்பரப்பை. மிகவுயர்ந்த முடியை அன்று. அம்முடியை 1888ஆம் ஆண்டில் அடைந்தவர் ஜான் வைட்ஹெட் என்னும் இயற்கைநூலார். எனினும், அம்முடி இன்றும் ‘லோ சிகரம்’ என்றே வழங்குகின்றது. ஏறாதவர் பெயர் சிகரத்தில் நிற்க, ஏற்றிவிட்டவர் பெயரை எத்துணைப் பேர் அறிவர்? 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பலரை அழைத்துச் சென்ற குந்திங் லாகடான் என்னும் வழிகாட்டியின் பெயர், மலைமீது ஒரு தங்குமனைக்கு இடப்பட்டமை சிறிது ஆறுதல் தருவதாகும்.

தமிழ் மாணாக்கருக்கு இக்கருத்துப் புதியதன்று. வழியறிந்தவன் அறியாதவனை நெறிப்படுத்துதலையே ஒரு நூல்வகையாக்கி, அதற்கு ஆற்றுப்படை எனப் பெயரிட்டவர் நம் முன்னோர். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறியும், புனங்காப்போர் எறியும் கவண்கல்லும், வழுக்கும் நிலமும் அதிற் கூறப்படுகின்றன. ஆற்றுப்படுத்துவோன் வழியைச் சொல்லி விடுப்பான். கினபாலுவின் வழிகாட்டியோ உடன் நடப்பவன். அந்நடையின் விலை யாதென்பதை 2015ஆம் ஆண்டு உலகம் அறிந்தது.

அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாட் காலை, ஏறத்தாழ 6 என்னும் அளவுடைய நிலநடுக்கம் அம்மலையை உலுக்கியது. பாறைகள் பெயர்ந்து வழிகளின்மேல் உருண்டன. 18 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தொடக்கப்பள்ளிச் சிறாரும் அவருள் இருந்தனர். அவர்களோடு சென்ற வழிகாட்டிகளும் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் இறங்கும் வழியின்றி உச்சிப்பரப்பிற் சிக்கினர். முகில்மூட்டத்தால் வானூர்தி இறங்குதல் அரிதாயிருந்த அந்நிலையில், அவர்களைக் கால்நடையாகவே கீழே கொணர்ந்தவர் மலைவழிகாட்டிகளே. சிதைந்த வழி செப்பனிடப்பட்டு, அதே ஆண்டு டிசம்பர்த் திங்களில் உச்சிக்குச் செல்லுதல் மீண்டுந் தொடங்கியபோது, முன்னே நடந்தவரும் அவர்களே.

‘அவர் கூலி பெறுகின்றார், கடமையைச் செய்கின்றார், இதனிற் புகழ்தற்கு என்ன உளது?’ என்று சிலர் வினவக்கூடும். கூலி, சுமைக்கும் காலத்திற்கும் ஈடாகும். பாறை உருளும்போது பிறருடன் நிற்கும் நெஞ்சிற்கு ஈடாகாது. மேலும், ஏறுவோன் தன் வாழ்நாளில் ஒருமுறை ஏறுகின்றான். வழிகாட்டி திங்கள்தோறும் பலமுறை ஏறுகின்றார். ஒருமுறை ஏறியவனை வீரன் என்றால், பலமுறை ஏறியவரை யாதென்று அழைப்பது?

ஏறுவோன் முயற்சி சிறிதென்று யாம் கூறவில்லை. குளிரிலும் மூச்சுத்திணறலிலும் ஓரடிக்குமேல் ஓரடி வைத்தற்கு மனவுறுதி வேண்டும். இளைஞர் அதனைப் பயிலுதல் நன்று. ஆனால், உச்சிக்கு ஒரு கூப்பிடுதூரத்தில் நிற்கும்போது ‘திரும்புக’ என்று வழிகாட்டி கூறின், மறுமொழியின்றித் திரும்புதற்கு அதனினும் பெரிய உறுதி வேண்டும். வெல்லச் சென்றவனுக்கு அச்சொல் தோல்வியாகத் தோன்றும். ஆதலின் வாதாடுவான், காலந் தாழ்ப்பான், தன்னோடு பிறரையும் இடருட்படுத்துவான். விருந்தினனாகச் சென்றவனுக்கோ அது வீட்டாரின் அன்புரையாகும். ‘வென்றோம்’ என்னுஞ் சொல்லை யாம் வெறுத்தல் இதனாலேயே. அது செருக்கை வளர்ப்பதோடு நில்லாது, உயிருக்கும் ஊறு விளைக்கும்.

விடுமுறையிற் பிறநாடு செல்லும் வாய்ப்பு நம் மாணாக்கருட் சிலருக்குக் கிட்டுகின்றது. அவர்கட்கு யாம் கூறுவன மூன்று. உச்சிக்கெனக் குறித்த நாட்களோடு ஒருநாள் மிகுதியாகக் கொள்க. திரும்புதற்கு அது மனத்தை இசைவிக்கும். சுமையைத் தூக்குவோர் முதுகை எண்ணிக் கட்டுக. மீண்டு வந்து இவ்விதழுக்குக் கட்டுரை வரையுங்கால், உச்சியின் உயரத்தை எழுதுமுன், உங்களை அழைத்துச் சென்றவர் இசைவோடு அவர் பெயரை முதல் வரியில் எழுதுக.