புது போனா? சந்தைக்குக் கிளம்பும் முன் இதைச் செய்யுங்க!

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கேரளாவுக்கு லோடு ஏறும் நேரம், யார் கையைப் பார்த்தாலும் போன்தான். விலை கேட்பதும் பணம் போடுவதும் அதில்தான். அந்த நெரிசலில் சட்டைப் பையிலிருந்து போன் நழுவினால், கணக்கில் இருக்கும் காசும் போகலாம்.

அதனால் புது போனில் வால்பேப்பர் மாற்றும் முன் சிம் லாக் போடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இதில்தான். ஸ்கிரீன் லாக் மட்டும் இருந்தால், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓ.டி.பி. வாங்கிவிட முடியும். செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று தேடுங்கள். சிம் நிறுவனத்திடம் ஆரம்ப 'பின்' நம்பரைக் கேட்டு, அதை மாற்றிக்கொள்ளுங்கள். ஊகித்து அழுத்தாதீர்கள்; 3 முறை தப்பானால் சிம் பூட்டிக்கொள்ளும், அப்புறம் பி.யு.கே. நம்பருக்கு அலைய வேண்டும்.

லாக் ஸ்கிரீனில் மெசேஜ் தெரிவதையும் நிறுத்திவிடுங்கள்.

*#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும், 2 சிம் போனில் 2 எண்கள். வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பில்லிலும் இருக்கும்தான், அந்த பில் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி! போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசு 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் இந்த எண்ணைப் பதிந்து போனை முடக்கலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள்.