சேலம் வெயிலில் கோட்: எந்த நாட்டு தையல் நமக்கு செட் ஆகும்?

வைகாசி முகூர்த்தம், சேலத்தில் ரிசப்ஷன். மேடையில் மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊத்துது. வெயிலை மட்டும் திட்டாதீங்க. கோட்டின் தையலும் காரணம்.

லண்டன் சாவில் ரோ பாணி: தோளில் பேடிங், உள்ளே கேன்வாஸ், விறைப்பான கட். குளிர் ஊருக்குப் பொருத்தம்.
அமெரிக்க சாக் சூட்: இடுப்பில் தளர்வு.
இத்தாலியின் நேப்பிள்ஸ் பாணி: பேடிங் பெயருக்குத்தான், லைனிங் குறைவு. சட்டை மாதிரி லேசு.

நம்ம ஊருக்கு என் ஓட்டு நேப்பிள்ஸுக்கே. ஆனால், 'இத்தாலியன் கட்' என்ற லேபிளுக்குக் காசு கொடுக்காதீங்க. விலை மலிவான ரெடிமேட் கோட்டுகளில் பெரும்பாலும் கேன்வாஸுக்குப் பதில் பசையால் ஒட்டிய ஃபியூசிங்தான். மட்டமாக ஒட்டியிருந்தால், டிரை வாஷுக்குப் பிறகு நெஞ்சுப் பகுதி உப்பிக்கொள்ளும்.

அந்தப் பணத்தில் உள்ளூர் டெய்லரிடம் கேளுங்க: மெல்லிய கம்பளி அல்லது லினன், பாதி லைனிங், பேடிங் வேண்டாம். அதுவும் கசகசக்குமா? சேலம் வெண்பட்டு வேட்டி இருக்கவே இருக்கு!