தடுப்பூசி யாருக்கு?

நம் ஜனங்களுக்கு அறிவில்லை, மூடநம்பிக்கையினால்தான் ஊசி குத்திக்கொள்ள மறுக்கிறார்கள் என்று சொல்லுவது படித்தவர்களுக்கு ஒரு வழக்கமாகப் போய்விட்டது. மூடநம்பிக்கை இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. பெரியம்மை கண்டால் மாரியம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, வைத்தியரை அண்டவிடாமல் குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் நம்மவர்கள்தான். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது யோக்கியமாகுமா என்பதே நமது கேள்வி.

முதலாவதாக, மறுத்தவர்கள் ஏழைகள் மட்டும்தானா? மாட்டம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாமென்று 1796இல் இங்கிலாந்தில் ஜென்னர் என்ற வைத்தியர் காட்டினார். 1802இல் அது பம்பாய்க்கு வந்தது. அக்காலத்தில் ஒரு குழந்தையின் கையில் குத்தி, அங்கு எழும்பும் கொப்புளத்துப் பாலை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். கீழ்ஜாதிப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்த பால் தங்கள் பிள்ளையின் உடம்பில் ஏறலாகாதென்று மேல்ஜாதிக்காரர் பலர் அதை மறுத்தார்கள். பெரியம்மையோ யார் வீட்டிலும் ஜாதி கேட்டு நுழையவில்லை.

நிற்க, அந்தப் பெரியம்மை எப்படிப் போயிற்று? கூழ் ஊற்றியதாலா? தீ மிதித்ததாலா? சர்க்கார் ஆட்கள் வீடு வீடாகவும் குடிசை குடிசையாகவும் போய், அம்மை கண்ட இடத்தைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் குத்தினார்கள். தகவல் சொன்னவனுக்குப் பணமும் கொடுத்தார்கள். 1975ஆம் வருஷத்தோடு இந்தியாவில் அது ஓய்ந்தது. 1980இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. மாரியம்மனுக்கு உத்தியோகம் போய் 45 வருஷத்துக்கு மேலாகியும் சம்பளம் மட்டும் நிற்கவில்லை!

இளம்பிள்ளை வாதமும் அப்படியேதான் போயிற்று. ரயிலடியிலும் பஸ் நிலையத்திலும் வீட்டு வாசலிலும் நின்று குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்து விட்டார்கள். 2011க்குப் பின் இந்தியாவில் இயற்கையில் பரவும் அந்தக் கிருமியால் ஒரு பிள்ளையும் முடமாகவில்லையென்று கண்டு, 2014இல் நற்சாட்சிப் பத்திரம் கிடைத்தது. மருந்து ஜனங்களைத் தேடிப் போனால் வியாதி ஓடும். ஜனங்கள் மருந்தைத் தேடி அலைந்தால் வியாதி நிலைக்கும். இரண்டு வியாதிகளும் நமக்குக் கற்பித்த பாடம் இதுதான்.

இந்தப் பாடத்தைப் படித்த நாடு 2021இல் என்ன செய்தது? கொரோனாவில் ஜனங்கள் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருந்த மே மாதத்தில், கோவிஷீல்டு என்ற ஒரே மருந்துக்கு மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய், மாநில சர்க்காருக்கு 300 ரூபாய், தனியார் ஆஸ்பத்திரிக்கு 600 ரூபாய் என்று மூன்று விலை! 18 முதல் 44 வயது வரையில் உள்ளவர்கள் முதலில் செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ பதிவு செய்துகொள்ள வேண்டுமாம். அந்தப் பதிவுத் தளமும் அப்போது இங்கிலீஷில்தான் இருந்தது. மூட்டை தூக்குகிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இது எவ்விதம் எட்டும்? சுப்ரீம் கோர்ட்டே அக்கொள்கையைக் கண்டித்துக் கேள்வி கேட்டது. பிறகு ஜூன் 21 முதல்தான் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மத்திய சர்க்கார் இலவசமாக மருந்து கொடுத்தது. இடையில் கழிந்த நாட்களில் ஊசிக்கு வெளியே நின்றவர்களை மூடர்களென்று யார் சொல்ல முடியும்?

குழந்தைகளுக்குத்தான் இலவசமாகக் குத்துகிறார்களே என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். 1985 முதல் நாடு முழுவதற்குமான திட்டம் இருப்பது வாஸ்தவம். தமிழ்நாட்டில் புதன்கிழமை தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குத்துகிறார்கள். மிகவும் நல்ல காரியம். ஆனால் செங்கல் சூளையில் வேலை செய்யும் தாய் புதன்கிழமை போனால் அன்றைய கூலி போயிற்று. மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அந்தக் கூலியும் போயிற்று. இரண்டு நாள் கூலியைக் கொடுத்து வாங்குவதற்கு இலவசமென்று பெயர் வைப்பது நியாயமாகுமா? ஆறு மாதத்துக்கொரு ஊர் என்று பிழைக்கப் போகிறவர்களின் பிள்ளை எந்த ஊர்ப் புஸ்தகத்தில் இருக்கிறது?

பணக்காரன் தன் பிள்ளைக்குக் குத்தியாயிற்றென்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. தட்டம்மை பரவாமலிருக்க நூற்றுக்கு 95 பேருக்காவது ஊசி ஏறியிருக்க வேண்டும் என்பது வைத்திய சாஸ்திரம். ஊசி குத்தும் வயது வராத கைக்குழந்தை மாடி வீட்டிலும் உண்டு. சேரியில் விட்டுப்போன பிள்ளையிடமிருந்து நோய் அந்த மாடிக்கும் ஏறும்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமையும் மாலை வேளையும் ஊசி குத்த வேண்டும். சூளைக்கும் கட்டடம் கட்டுமிடத்துக்கும் நர்சை அனுப்ப வேண்டும். எந்த ஊர்ச் சீட்டைக் காட்டினாலும், சீட்டே இல்லாவிட்டாலும் குத்த வேண்டும். காய்ச்சல் வரலாம், அது ஒன்றிரண்டு நாளில் தணியும் என்று தாய்க்கு மரியாதையாய் முன்னமே சொல்ல வேண்டும் என்று சர்க்காரைக் கேட்கிறோம்.

பகுத்தறிவு பேசும் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மேடையில் மாரியம்மனைக் கேலி செய்வது சுலபம். உங்கள் தெருவில் ஊசி குத்தாத பிள்ளை எதுவென்று கண்டுபிடித்து, வருகிற புதன்கிழமை அதன் தாயோடு நீங்களும் போய் வாருங்கள். ஆயிரம் பிரசங்கத்தைவிட அது மேலானதாகும்.